எட்டில் ஒன்று ஆரஞ்சு

மார்ச் 3, திங்கள்

புது நோட்டு. எழுதுபவன் யாரென்று முதல் பக்கத்தில் குறித்துவைப்பது என் வழக்கம். பஸ்ஸில் தொலைத்தால், கிடைத்தவர் திருப்பிக் கொடுக்க வசதி.

ப. அம்பலவாணன், வயது ஐம்பத்தொன்பது. மேலாளர், குயிலோசை டப்பிங் தியேட்டர், சாலிகிராமம், சென்னை. முன்னாள் குரல் கலைஞர். நூற்றுப் பதினான்கு படங்களில், கடைசிக் காட்சியில் ஜீப்பிலிருந்து குதிக்கும் இன்ஸ்பெக்டருக்குப் பேசியவன். "யாரும் அசையாதீங்க!" என்று எங்கேயாவது கேட்டிருந்தால் அது பெரும்பாலும் நான்தான்.

இன்று வீட்டுக் குழாய்க்கு வாஷர் வாங்கினேன். அளவு தவறு.

தியேட்டரில் இப்போது ஒரு வடநாட்டுக் குடும்பத் தொடரைத் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறோம். நாற்பத்து நான்கு எபிசோடு. முப்பத்தொன்று முடிந்துவிட்டது. மொத்தத்தையும் 28ஆம் தேதி சேனலுக்குக் கொடுக்க வேண்டும். மாமியாருக்குப் பத்மலோசனி அம்மா குரல். அவர் தொண்டையில் முடிச்சு விழுந்திருக்கிறது. முப்பது வருஷம் மாமியாராகவே கத்தியதில் வந்ததாம். 24ஆம் தேதி ஆபரேஷன். அதற்குப் பிறகு குரல் எப்படி வரும் என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. ஆகவே 22க்குள் மாமியார் பேசி முடித்தாக வேண்டும்.

பேசியதெல்லாம் ஓர் இரும்புப் பெட்டியில் சேமிப்பாகிறது. உள்ளே எட்டு டிஸ்க்குகள். ஒவ்வொன்றின் முகத்திலும் கடுகளவு விளக்கு. அதைக் கவனித்துவந்த இன்ஜினியர் மெர்லின் போன மாதம் வேலையை விட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டாள். அங்கே சம்பளம் அதிகமாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நிறுவனப் பற்று கிடையாது. முதலாளி கோதண்டம் பெட்டியை என் பொறுப்பில் விட்டிருக்கிறார். "தினம் ஒரு தடவ பச்சையா எரியுதான்னு பாத்துக்குங்க, அம்பலவாணன். அவ்ளோதான்."

பார்த்தேன். ஏழு பச்சை. ஒன்று ஆரஞ்சு. மொத்தத்தில் நல்ல நிலை.

இரண்டு நாளாகத் தியேட்டர் பக்கம் ஏதோ பறவை சத்தம் கேட்கிறது. ஒரே சீராகக் கூவுகிறது. நகரத்துக்குப் பறவைகள் திரும்பி வருவது மகிழ்ச்சியான விஷயம்.

மார்ச் 4, செவ்வாய்

வாஷரை மாற்றி வாங்கினேன். இதுவும் தவறு. ஏழு பச்சை, ஒரு ஆரஞ்சு.

மார்ச் 6, வியாழன்

சேனலில் தணிகா என்று ஒரு பெண் இருக்கிறாள். நாம் அனுப்பும் எபிசோடுகளைக் கேட்டுப் பார்த்துக் குற்றம் சொல்வது அவள் வேலை. காலை பத்தரைக்குப் போன் செய்தாள்.

"சார், முப்பத்தொண்ணாவது எபிசோடுல மாமியார் என்ன கெட்ட வார்த்தை பேசுறாங்க?"

"கெட்ட வார்த்தையா? குடும்பத் தொடரும்மா இது."

"அப்போ எதுக்கு பீப் போட்டு மறைச்சிருக்கீங்க?"

போட்டுக் கேட்டேன். மாமியார் மருமகளைப் பார்த்து, "நீயெல்லாம் ஒரு" என்கிறார். உடனே 'பீப்'. பிறகு "குடும்பத்துப் பொண்ணா?" என்கிறார். மறைந்துபோன சொல் 'நல்ல'. அதே எபிசோடில் பூசாரியிடம் அவர் கேட்கும் பிரசாதத்தின் மீதும் ஒரு பீப் விழுந்திருக்கிறது. பூசாரி அதிர்ச்சியடையாமல் கொடுக்கிறார் என்பதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

விசாரணையில் இறங்கினேன். பறவை என்று நான் நினைத்தது பறவையல்ல. பெட்டிதான் கூவுகிறது. முப்பது விநாடிக்கு ஒரு முறை. பெட்டி இருப்பது பேசும் அறையை ஒட்டிய மர அலமாரியில். ஜனவரியில் இடவசதி காரணமாக அங்கே மாற்றப்பட்டது. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான்.

பெட்டியின் முகத்தில் மணி படம் போட்டு, அதன்மேல் கோடு கிழித்த ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். அமைதி. தொழில்நுட்பம் என்று பயமுறுத்துகிறார்கள். பார்த்தால் ஒரு பொத்தான்.

மார்ச் 7, வெள்ளி

மறுபடி கூவியது. அழுத்தினேன். இன்று மொத்தம் இரண்டு முறை அழுத்தினேன்.

மார்ச் 8, சனி

பத்மலோசனி அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். முப்பத்து மூன்றாவது எபிசோடில் அவர் மருமகளை வீட்டை விட்டு வெளியேற்றும் காட்சி. நடுவே பீப். நான் அலமாரிக்கு ஓட, அவர் மைக்கிலேயே கூப்பிட்டார்.

"ஏம்பா அம்பலம், ஏன் சும்மா ஓடுற? முப்பது செகண்டுக்கு ஒரு தடவதானே வருது? நடுவுல பேசிக்கிறேன்."

"திரையில உதட்டோட ஒட்டணுமேம்மா."

"அவ முதுகைக் காட்டிட்டு நிக்கற எடமாப் பாத்து நிறுத்துறேன். முப்பது வருஷமா உதட்டுக்குத்தானே பேசிட்டிருக்கேன்?"

அப்படியே செய்தார். "இந்த வீட்டுல..." என்று சொல்லி நிறுத்தினார். பீப் வந்து போனது. "...இனி உனக்கு எடமில்ல." மயிர்க்கூச்செறிந்தது. பீப்பைப் பிறகு வெட்டி எடுத்துவிட்டோம். மௌனம் மட்டும் மிச்சம்.

ஆனால் அவர் வெளியே வந்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வெந்நீர் கேட்டார்.

மார்ச் 10, திங்கள்

தணிகா போன் செய்தாள். "சார், மாமியார் நடுவுல நிறுத்துற அந்த பாஸ் இருக்கே, சூப்பர். புது டைரக்டர் போட்டிருக்கீங்களா?" அடக்கமாக, "எல்லாம் கூட்டு முயற்சிம்மா" என்றேன்.

இருந்தாலும் சத்தத்தை அடக்குவது மேலாளரின் கடமை. பெட்டிக்குச் சிறு ஒலித்தடுப்பு ஏற்பாடு ஒன்று செய்தேன். இப்போது பீப் அடுத்த தெருவில் கேட்பதுபோல இருக்கிறது. சிந்தித்தால் எதற்கும் வழியுண்டு.

வீட்டுக் குழாய் இன்னமும் ஒழுகுகிறது.

மார்ச் 12, புதன்

சாப்பிடும்போது முப்பது விநாடிக்கு ஒரு முறை நான் தலையைத் திருப்புகிறேன் என்று என் மனைவி இந்திராணி கண்டுபிடித்தாள். பெட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"ஏங்க, அந்த மெர்லின் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?"

"வேலைய விட்டுட்டுப் போனவகிட்ட நான் எதுக்குக் கேக்கணும்? நூத்திப் பதினாலு படத்துல நான் வந்துதான் எல்லாத்தையும் முடிச்சுவச்சிருக்கேன். தெரியுமில்ல?"

"தெரியும். அதுல ஒண்ணுலயாவது சண்டை முடியறதுக்குள்ள வந்திருக்கீங்களா?"

ரசம் உப்பு அதிகம். சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஆறு பச்சை. ஒன்று நிலையான ஆரஞ்சு. புதிதாக இன்னொன்று ஆரஞ்சு. ஆனால் இது விட்டுவிட்டு மின்னுகிறது.

பெட்டியைத் தொட்டால் இஸ்திரிப் பெட்டிபோல் சுடுகிறது. அலமாரியைத் திறந்தால் பட்டுத் துணி கருகும் வாசனை. ஒலித்தடுப்பு ஏற்பாட்டைத் தற்காலிகமாக நீக்கினேன்.

டிஸ்க் விற்கும் கடைக்குப் போன் செய்தேன். ஒரு டிஸ்க் போயிருக்கும், புதிது வரவழைக்க ஐந்து நாளாகும் என்றார்கள். அதுவரை? "அதுவரைக்கும் வேற எதுவும் போகாமப் பாத்துக்குங்க சார்" என்றார்கள். ஏதோ அது என் கையில் இருப்பதுபோல.

மார்ச் 17, திங்கள்

முப்பத்தொன்பது முடிந்தது. பத்மலோசனி அம்மா இப்போதெல்லாம் மைக் முன்னால் மட்டும்தான் பேசுகிறார். மற்ற நேரமெல்லாம் சைகைதான். இட்லி வேண்டும் என்பதற்கும் தோசை வேண்டும் என்பதற்கும் சைகையில் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையும் வாங்கி வரச் சொன்னேன்.

மார்ச் 19, புதன்

புது டிஸ்க் வந்துவிட்டது. கொண்டுவந்த ஆள், "ஆரஞ்சு எரியறத உருவிட்டு இத சொருகிடுங்க. மெஷின் ஓடிட்டிருக்கும்போதே பண்ணலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டான். எந்த ஆரஞ்சு என்று கேட்க நினைப்பதற்குள் தெருமுனை திரும்பிவிட்டான்.

யோசித்துப் பார்த்தேன். விடை எளிது. நிலையாக எரிவது நிலையாக இருக்கிறது. துடிப்பதுதான் உயிருக்குப் போராடுகிறது. துடிப்பதைத்தான் மாற்ற வேண்டும். சனிக்கிழமை அம்மா பேசி முடித்ததும் நானே செய்துவிடுவேன்.

மார்ச் 22, சனி

நாற்பத்து நான்காவது எபிசோடு. மாமியார் மருமகளிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி. மூலத்தில் அந்த அம்மாள் கண்ணீர் வழிய வழியப் பேசுகிறாள். பத்மலோசனி அம்மா அப்படிச் செய்யவில்லை. குரலை இறக்கி, ஏறக்குறைய மூச்சிலேயே சொன்னார்.

"தப்பு என்மேலதான். ஒத்துக்கறதுக்கு எனக்குத்தான் இத்தன நாளாச்சு."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்து, செருப்பை மாட்டியபடி என்னைப் பார்த்தார். வாரக்கணக்கில் மைக்குக்கு வெளியே பேசாதவர், பேசினார்.

"இதுக்கப்புறம் இந்தக் குரல் இருக்குமோ இருக்காதோ. பத்திரமா வச்சுக்கோப்பா."

மாலை ஐந்தரைக்குப் போனார்.

அதன்பின் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. வீட்டில் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. நேற்று விட்டதையும் சேர்த்து எழுத வேண்டும்.

காலை ஏழேகாலுக்கு மெர்லினுக்குப் போன் செய்தேன். ஐந்து முறை எண்ணைப் போட்டு, அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். ஆறாவது முறை அவளே கூப்பிட்டுவிட்டாள்.

"அஞ்சு மிஸ்டு கால் வந்திருக்கு சார். என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. சௌக்கியமா? கோயம்புத்தூர்ல வெயில் எப்படி?"

"பெட்டிக்கு என்ன ஆச்சு சார்?"

எல்லா விளக்கும் ஆரஞ்சாகிவிட்டது, சத்தம் நிற்காமல் ஒரே நீளமாக வருகிறது, கம்ப்யூட்டரில் எபிசோடுகள் இருந்த இடமே காணவில்லை என்று சொன்னேன். எப்படி ஆனது என்று கேட்டாள். தானாகவே ஆனது என்றேன். கோயம்புத்தூரிலிருந்தே பெட்டிக்குள் பார்க்க அவளுக்கு வழி இருந்தது. என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொல்லி, என்னென்னவோ தட்டச் சொன்னாள். பிறகு எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.

"சார், பெட்டிக்கு ஒரு குறிப்பேடு உண்டு, தெரியுமா?"

"என்னது?"

"நடந்ததெல்லாம் நேரத்தோட அதுவே எழுதிவச்சுக்கும். நேத்து சாயங்காலம் ஆறு எட்டுக்கு அஞ்சாம் நம்பர் டிஸ்க்க யாரோ உருவியிருக்காங்க. ஆறு பதினேழுக்குத் திருப்பிச் சொருகியிருக்காங்க. அந்த ஒம்பது நிமிஷம் என்ன நடந்துச்சு?"

பெட்டியும் டைரி எழுதுகிறது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் டைரியைவிட அது ஒழுங்காக எழுதுகிறது.

அந்த ஒன்பது நிமிஷம் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு. அதைச் சொன்னேன். துடிப்பதுதான் சாகப்போகிறது என்று நினைத்ததையும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"நிலையா ஆரஞ்சு எரிஞ்சுதே மூணாம் நம்பர், அது மார்ச் ஒண்ணாந்தேதியே செத்துப்போச்சு சார். துடிச்சது உயிரோட இருந்துச்சு. 'எனக்கு ஒடம்பு சரியில்ல, சீக்கிரம் பாருங்க'ன்னு சொல்லிட்டிருந்துச்சு. எட்டுல ஒண்ணு போனா மத்த ஏழும் சேந்து, போனதுல என்ன இருந்துச்சுன்னு கணக்குப் போட்டுச் சொல்லிடும். ஆறாயிட்டா அதால சொல்ல முடியாது. நீங்க உயிரோட இருந்தத உருவிட்டீங்க."

"எல்லாம் போச்சாம்மா?"

"இருங்க. இன்னும் படிக்கறேன்."

அவள் படிக்கப் படிக்க எனக்கு வேர்த்தது. சத்தத்தை நிறுத்தும் பொத்தான் மார்ச் 7 அன்று மட்டும் பத்தொன்பது முறை அழுத்தப்பட்டிருக்கிறது. (இரண்டு என்று எழுதியிருக்கிறேன். மதியத்துக்குப் பிறகு எண்ணவில்லை.) மார்ச் 10 அன்று காற்றுப் போகும் வழி அடைபட்டு, உள்ளே சூடு ஐம்பத்தெட்டு டிகிரி.

"அன்னிக்கு எதையாவது மேல போத்தினீங்களா?"

"கொஞ்சம் துணிதான்."

"என்ன துணி?"

"பொன்னாடை. எனக்கு மேடையில போத்தினது. ரெண்டு."

இப்போது சிரித்தாள். ஆனால் அது நீடிக்கவில்லை.

"ஜனவரி இருபது வரைக்கும் உள்ள இருபத்தேழு டிகிரி. இருபத்தொண்ணுலேர்ந்து முப்பத்தொம்பது. கீழ எறங்கவே இல்ல. நா சொன்னேன்ல சார்?"

சொன்னாள்தான். பெட்டி முன்பு ஏசி போட்ட சின்ன அறையில் இருந்தது. அந்த அறை இப்போது என் அறை. இடவசதி காரணமாக மாற்றப்பட்டது என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். மாற்றியது நான். மாற்ற வேண்டாம் என்று எல்லோர் முன்னிலும் அவள் கெஞ்சினாள். நான் இன்ஸ்பெக்டர் குரலில் சொன்னேன், "மெஷினுக்கு எதுக்கும்மா ஏசி? அதுக்கு வேர்க்குமா?" எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை என்று அன்றைக்கு நினைத்தேன். அடுத்த வாரமே அவள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். சம்பளம் என்று எழுதியிருந்தாள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

"மெர்லின், தப்பு என்மேலதான்" என்றேன். நேற்று கேட்ட வசனம். ஆனால் எனக்கு அவ்வளவு அழகாக வரவில்லை. நடுவில் இருமினேன்.

அவள் காரியத்துக்கு வந்தாள்.

"சரி சார். பேக்கப் டிஸ்க் எங்க? வாராவாரம் காப்பி எடுப்பேனே, அந்தக் கறுப்பு டிஸ்க்."

என் மேஜை டிராயரில் இருந்தது. அதில் எபிசோடுகள் இல்லை. மெர்லின் போன பிறகு அதை அழித்துவிட்டு என் சொந்த விஷயம் ஒன்றை ஏற்றியிருந்தேன். நூற்றுப் பதினான்கு படங்களிலிருந்தும் என் குரல் வரும் இடங்களை மட்டும் வெட்டித் தொகுத்தது. பழைய சி.டி.க்களிலிருந்தும், தெரிந்தவர்களின் வீட்டுக் கேசட்டுகளிலிருந்தும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தது. சி.டி.க்கள் எல்லாம் பூஞ்சை பிடித்துப்போய் அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டேன். டிஸ்க்கின் மேல் "ப.அ. — கலைப்பயணம்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. இதையும் சொன்னேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?

அவள் ஒரு வேலை செய்தாள். உருவப்பட்டதால் பெட்டி சந்தேகப்பட்டு ஒதுக்கி வைத்திருந்த அந்தத் துடிக்கும் டிஸ்க்கை, 'நல்லவன்தான், சேர்த்துக்கொள்' என்று அதற்குக் கட்டளை கொடுத்தாள். முதல் தடவை பெட்டி ஏற்கவில்லை. இரண்டாவது தடவையும் ஏற்கவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவை நீளச் சத்தம் நின்றது. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு. நிலையான ஆரஞ்சு ஒன்று. துடிக்கும் ஆரஞ்சு ஒன்று. துடிப்பதைப் பார்த்து இவ்வளவு மகிழ்வேன் என்று நினைத்ததில்லை.

கம்ப்யூட்டரில் எபிசோடுகள் நாற்பத்து நான்கும் இருந்தன.

"சொருகிடட்டுமா புது டிஸ்க்க?" என்றேன்.

"கைய எடுங்க சார்!"

எடுத்தேன். யாரும் அசையாதீங்க என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என்னிடம் யாரும் சொல்லி நான் அசையாமல் நின்றது இதுதான் முதல் முறை.

"புதுச சொருகினா மத்த ஏழும் மூச்சப் புடிச்சு வேலை செய்யணும். துடிக்கறது நடுவுல போயிட்டா எல்லாம் போயிடும். மொதல்ல காப்பி எடுக்கணும். இப்பவே. கடைக்குப் போயி வேற டிஸ்க் வாங்கிட்டு வர்ற நேரத்துக்கு அது தாங்குமான்னு சொல்ல முடியாது. கையில இருக்கறது உங்க கறுப்பு டிஸ்க்தான். அழிச்சாதான் எடம் இருக்கும்." பிறகு குரலை இறக்கிக் கேட்டாள், "அழிக்கலாமா சார்? உங்களுக்கு வேற காப்பி இருக்கா?"

"இல்ல" என்றேன்.

டிஸ்க்கைச் செருகினேன். வரிசையாக நூற்றுப் பதினான்கு பெயர்கள். முதல் ஒன்றை மட்டும் ஓடவிட்டேன். ஜீப் பிரேக் சத்தம், பிறகு என் இருபத்தேழு வயதுக் குரல். "யாரும் அசையாதீங்க! போலீஸ் நாலா பக்கமும் சுத்தி வளைச்சிருக்கு!"

போனில் மெர்லின், "ஐயோ, அது நீங்களா சார்? சின்ன வயசுல எங்க வீட்ல இந்தப் படத்த எத்தன தடவ போடுவாங்க தெரியுமா! அந்த இன்ஸ்பெக்டர் வந்ததும் எங்கப்பா எந்திரிச்சு லைட்ட போட்டுருவாரு. படம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றாள்.

அது எனக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே நேர்மையானது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். "உறுதியாகவா?" என்று கம்ப்யூட்டர் ஒரு முறை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

காப்பி ஆக ஆறரை மணி நேரமானது. துடிக்கும் விளக்கின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, வீட்டிலிருந்து மேஜை மின்விசிறியை இந்திராணியைக் கொண்டுவரச் சொன்னேன். ஆட்டோவில் வந்தாள், டிபன் டப்பாவோடு. விஷயம் முழுவதையும் கேட்டாள். சரியான தருணத்தில் சொல்ல அவளிடம் ஏதோ இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. சொல்லவில்லை. மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள். நான் பெட்டியின் பக்கம் திருப்பினேன்.

நாலரைக்குக் காப்பி முடிந்தது. மெர்லின் மறுபடி போனில் வந்தாள்.

"இப்ப செத்ததைக் கழட்டணும். நம்பர் சொல்ல மாட்டேன். பெட்டி சைபர்லேர்ந்து எண்ணும், நீங்க ஒண்ணுலேர்ந்து எண்ணுவீங்க. இங்கேருந்து அதுக்கு மட்டும் நீல வெளக்கு போடறேன். ஆரஞ்சப் பாக்காதீங்க, பச்சையப் பாக்காதீங்க. நீலம் தெரியுதா?"

ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அவள் எதையோ தட்ட, என் மூக்குக்கு நேரே சின்ன நீலம் மின்னியது. யாரோ விரல் நீட்டிக் காட்டுவதுபோல.

"தெரியுது."

"வீட்டம்மாவையும் பாக்கச் சொல்லுங்க."

இந்திராணி கண்ணாடி போட்டுப் பார்த்து, "இடதுலேர்ந்து நாலாவது, நீலந்தான்" என்று சாட்சி சொன்னாள். உருவினேன். புதியதைச் செருகினேன். பச்சை படபடவென்று துடிக்க ஆரம்பித்தது. பயந்துபோய்ப் பார்த்தேன். பச்சை துடித்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். துடிப்பிலும் இத்தனை வகை.

மார்ச் 24, திங்கள்

புது டிஸ்க் நிரம்பி முடிந்தது என்று காலை பத்து மணிக்கு மெர்லின் குறுஞ்செய்தி. துடிக்கும் ஆரஞ்சையும் மாற்றிவிட வேண்டுமாம். இன்னொன்று வாங்கச் சொல்லியாகிவிட்டது.

பத்மலோசனி அம்மாவை ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகும் முன்பு ஆஸ்பத்திரியில் பார்த்தேன். "பத்திரமா?" என்று கையாலேயே கேட்டார். "பத்திரம்மா. ரெண்டு எடத்துல இருக்கு" என்றேன். நடுவில் ஒரு நாள் ஓரிடத்திலும் இல்லாமல் இருந்ததைச் சொல்லவில்லை. மயக்க மருந்து கொடுக்கப்போகிறவரிடம் எதற்கு?

மார்ச் 26, புதன்

இரண்டாவது டிஸ்க்கும் மாற்றியாயிற்று. எட்டும் பச்சை.

சின்ன அறையிலிருந்து என் மேஜையை வெளியே எடுத்துப் போட்டேன். பெட்டி அங்கே போய்விட்டது. முதலாளி கோதண்டம் காரணம் கேட்டார். ஜனவரியிலிருந்து நடந்ததெல்லாம் சொன்னேன். "மெர்லின் திரும்ப வருமா, கேளுங்க" என்றார்.

கேட்டேன்.

"இல்ல சார். இங்க நல்லா இருக்கு. எங்கிட்ட கேட்டுட்டுத்தான் எதையும் நகத்தறாங்க" என்றாள். கொஞ்சம் விட்டு, "மாசத்துக்கு ஒரு தடவ குறிப்பேட்ட அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்" என்றாள்.

என் மேஜை இப்போது தியேட்டர் வராந்தாவில். வேர்க்கிறது.

மார்ச் 28, வெள்ளி

நாற்பத்து நான்கும் சேனலுக்குப் போய்ச் சேர்ந்தன. தணிகா கடைசி எபிசோடைக் கேட்டுவிட்டுப் போன் செய்தாள். குறை சொல்லவில்லை. "அந்த மன்னிப்பு சீன்ல... யார் சார் அவங்க?" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவர்கள் அலுவலகத்திலும் ஏசி அதிகம் போலிருக்கிறது.

குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தார். வாஷர் சரியாகத்தான் இருந்ததாம். ஒழுகியது வேறு குழாய்.

ஏப்ரல் 9, புதன்

பதினாறு நாள் மௌனத்துக்குப் பிறகு பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். காலை பதினொன்றரைக்கு ஒரு போன். பத்மலோசனி அம்மாவின் எண். யாரோ சின்னப் பெண் பேசினாள்.

"அம்பலம்?"

"யாரும்மா பேசறது? அம்மா இல்லையா?"

"நான்தான்பா."

இடி மாதிரி இருந்த குரல் மெலிந்து, லேசாகி, தயங்கித் தயங்கி வந்தது. பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல.

"எப்படி இருக்கு? பொய் சொல்லாத."

சமீபத்தில் எனக்கு அந்தப் பழக்கம் குறைந்திருக்கிறது. "மாறிடுச்சும்மா" என்றேன்.

"மாமியார்?"

"போயிட்டாங்க."

சிரித்தார். சிரிப்பும் புதிது.

"போகட்டும். முப்பது வருஷமா ஊர்ப் பொண்ணுங்களையெல்லாம் வீட்ட விட்டுத் தொரத்திட்டிருந்தேன். நானே போய்க் கதவத் தட்டினா எவளும் தொறந்திருக்க மாட்டா. இனிமே எனக்குப் பேசறதுக்கு யாராவது நல்லவளா ஒருத்தியப் பாத்துக் குடுப்பா."

நோட்டைப் புரட்டினேன். புதிதாக வந்திருக்கும் ஒரு தொடரில் ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்று இருக்கிறது. வயதான நர்ஸ் ஒருத்தி, நோயாளி கண் விழித்ததும் பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

"திங்கக்கெழம பத்து மணிக்கு வர முடியுமாம்மா? மூணே வரி. கத்த வேண்டியதில்ல."

"என்ன வரி? மொத வரியச் சொல்லு."

படித்துச் சொன்னேன். அவர் அதை ஒரு முறை மெல்ல, அந்தப் புதிய குரலில், எனக்காகச் சொல்லிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்."

திங்கள், பத்து மணி என்று எழுதிவிட்டேன்.